பென் டிரைவில் ஒரு திரைநவிலி – ஓர் அறிமுகப் பாடம்

முன்னுரை

கல்வி, கல்லாமை, கேள்வி என அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களை வகுத்த திருவள்ளுவர், செவிவழிப் பெறும் அறிவுக்குத் தனியிடம் தந்தார். ஏடும் எழுத்தாணியும் சிலருக்கே வாய்த்த அந்நாளில் தமிழ்க் கல்வி பெரும்பாலும் செவிவழியே நடந்தது. ஆசிரியர் சொல்ல மாணாக்கர் கேட்டனர். கேட்டதை மனத்தில் இருத்தினர். அம்மரபில்தான் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், கண்ணொளி இன்றியே பிள்ளைத்தமிழும் புராணமும் பாடும் புலவராக வளர்ந்தார். பிறர் தம் முதுகில் எழுத்துகளை வரைந்து காட்ட அவர் எழுத்தறிந்தார் என்பது மரபுவழிச் செய்தி. 19ஆம் நூற்றாண்டில் பழநியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் இளமையிலேயே பார்வையை இழந்தவரே.

அரபு இலக்கிய உலகிலும் இதற்குச் சான்று உண்டு. எகிப்து நாட்டு அறிஞர் தாஹா ஹுசைன் (1889–1973) குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்தார். எனினும் முனைவர் பட்டம் பெற்றார், பேராசிரியரானார், 1950ஆம் ஆண்டு தம் நாட்டின் கல்வி அமைச்சராகவும் பொறுப்பேற்றார். அவர்தம் துணைவியார் சூசன் அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டி உதவினார்.

இப்பெருமக்களின் வாழ்வு நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. பார்வையின்மை அறிவுக்குத் தடையாகாது என்பது ஒன்று. படித்துக் காட்ட ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது மற்றொன்று. படிப்பவர் வந்தால் நூல் திறக்கும். அவர் வாராத நாளில் நூல் மூடியே கிடக்கும். படித்துக் காட்ட ஆளில்லாத ஏழை மாணவனின் நிலை என்ன? தேர்வுக்கு முதல் நாள் இரவில், உடன் பயிலும் நண்பனும் தன் பாடத்தில் மூழ்கியிருக்கும் வேளையில், அவன் யாரைப் போய்க் கேட்பான்? இவ்வினாவுக்கு இன்றைய கணிப்பொறி அறிவியல் தரும் விடைகளுள் ஒன்று, சட்டைப் பையில் வைத்துச் செல்லத்தக்க திரைநவிலி. அதன் அமைப்பையும், பயன்படுத்தும் முறையையும், எல்லைகளையும், நம் கடமைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

திரைநவிலி – சொல்லும் பொருளும்

கணிப்பொறித் திரையில் தோன்றும் எழுத்துகளையும் பட்டியல்களையும் பொத்தான்களையும் இனங்கண்டு, அவற்றைக் குரலாக ஒலிக்கும் மென்பொருளே திரைநவிலி. நவில்தல் என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்னும் பொருளோடு கற்றல் என்னும் பொருளும் உண்டு. திரையில் உள்ளதைச் சொல்லி, கேட்பவரைக் கற்கச் செய்யும் கருவிக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது.

இது ஒலிநாடாவைப் போன்றதன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். ஒலிநாடா ஒருவர் முன்பே படித்துவைத்ததை மட்டுமே திருப்பிச் சொல்லும். திரைநவிலியோ, பயன்படுத்துவோர் விசையை அழுத்தும் அக்கணத்தில் எங்கு நிற்கிறாரோ அங்குள்ளதைச் சொல்லும். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்கலாம். ஒரு பத்தியைத் தாண்டிச் செல்லலாம். தாம் தட்டச்சு செய்வதைத் தாமே சரிபார்க்கலாம். எனவே இது படிக்கும் கருவியாகவும் எழுதும் கருவியாகவும் ஒருங்கே பயன்படுகிறது.

வரலாறு

திரைநவிலிகளுள் நெடுங்காலம் பெயர் பெற்று விளங்குவது ஜாஸ் ஆகும். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தில் பார்வையிழந்த அமெரிக்கர் டெட் ஹென்டர் என்பவரின் முயற்சியால் 1989ஆம் ஆண்டு அது வெளிவந்தது. திறமான கருவியே ஆயினும், விலை கொடுத்து வாங்கவேண்டிய கருவி அது. பல காலம் அதன் விலை, கணிப்பொறியின் விலைக்கு நிகராகவோ அதனினும் மிகுதியாகவோ இருந்தது. ஒரே திரையைப் பார்க்க, கண்ணுள்ளவர் ஒரு பங்கு செலவிட்டால் கண்ணற்றவர் இரு பங்கு செலவிட வேண்டும் என்பதே அந்நாளைய நிலை.

இந்நிலை முறையன்று எனக் கருதிய ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன், 2006ஆம் ஆண்டு என்.வி.டி.ஏ. என்னும் திரைநவிலியை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் தே என்பவர் அவருடன் இணைந்தார். பார்வையற்ற சிறுவர்க்கான இசை முகாம் ஒன்றில் இளமையிலேயே நட்புக் கொண்ட இவ்விருவரும் பார்வையற்றவர்கள். 2007ஆம் ஆண்டு இவர்கள் என்.வி. ஆக்சஸ் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனத்தை அமைத்தனர். என்.வி.டி.ஏ.வை எவரும் விலையின்றிப் பெறலாம்; பிறர்க்குப் படியெடுத்து வழங்கலாம்; அதன் மூல நிரலைக் காணலாம், திருத்தலாம். விரும்புவோர் நன்கொடை அளிக்கின்றனர். தன்னார்வலர் உழைப்பால் அது தமிழ் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வழங்குகிறது.

அதன் தரத்திற்கு ஒரு சான்று கூறலாம். அமெரிக்காவின் வெப்எய்ம் என்னும் அமைப்பு 2019ஆம் ஆண்டு நடத்திய கருத்தாய்வில், தாம் முதன்மையாகப் பயன்படுத்துவது என்.வி.டி.ஏ. என்றோர் 40.6 விழுக்காட்டினர், ஜாஸ் என்றோர் 40.1 விழுக்காட்டினர். 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் ஜாஸ் மீண்டும் சற்றே முந்தியது. விலையில்லாக் கருவி, விலையுள்ள கருவிக்கு ஈடாக நிற்கிறது என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டிய செய்தி.

பென் டிரைவில் ஏன்?

சொந்தக் கணிப்பொறி உடையவர் திரைநவிலியை அதிலேயே நிறுவிக்கொள்வார். ஆனால் நம் மாணவருள் பலர் புழங்குவது பொதுக் கணிப்பொறிகளையே. கல்லூரி ஆய்வகம், நூலகம், இணைய மையம், நண்பரின் வீடு என இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கெல்லாம் ஒரு மென்பொருளை நிறுவ வேண்டுமாயின், அப்பொறியின் நிருவாகக் கடவுச்சொல் வேண்டும். அது மாணவர் கையில் இராது. பொறுப்பாளரின் இசைவு தேவை. இசைவு கிடைத்து நிறுவினாலும், அடுத்த நாள் வேறொரு பொறியின் முன் அமரும்போது அதே வேண்டுகோளை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கையடக்கப் படி இச்சிக்கலைத் தீர்க்கிறது. என்.வி.டி.ஏ.வின் கோப்புகள் யாவும் பென் டிரைவில் ஒரே கோப்புறைக்குள் அடங்கிவிடும். அதற்குத் தேவைப்படும் இடம் ஒரு ஜி.பி.க்கும் குறைவே. அக்கோப்புறையிலிருந்தே அது இயங்கும். பொதுக் கணிப்பொறியில் எதனையும் நிறுவுவதில்லை. பயன்படுத்துவோர் விரும்பிய குரல், பேச்சு வேகம், ஒலிப்புத் திருத்தங்கள் ஆகிய அனைத்தும் அப்பென் டிரைவிலேயே பதிந்திருக்கும். ஆகவே எப்பொறியின் முன் அமர்ந்தாலும், அது தமக்குப் பழகிய பொறியாகவே பேசும். தம் மூக்குக் கண்ணாடியைத் தாமே கொண்டு செல்வது போன்றது இது. போகுமிடந்தோறும் கண்ணாடி இரவல் கேட்க வேண்டியதில்லை.

படி உருவாக்கும் முறை

இதனைப் பார்வையற்ற மாணவர் பிறர் துணையின்றித் தாமே செய்துகொள்ளலாம். படிகள் வருமாறு:

1. இணைய வசதியுள்ள விண்டோஸ் கணிப்பொறியில் பென் டிரைவைச் செருகுக. அப்பொறியில் வேறு திரைநவிலி இல்லையெனில், விண்டோஸ் 10 முதலானவற்றில் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், விண்டோஸில் உடன் அமைந்த நேரேட்டர் என்னும் எளிய திரைநவிலி பேசத் தொடங்கும். இம்முதற்பணிக்கு அது போதுமானது.

2. என்.வி. ஆக்சஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே என்.வி.டி.ஏ. கோப்பை இறக்கிக்கொள்க. அக்கோப்பை இயக்கியவுடன் தற்காலிகப் படி ஒன்று தானே பேசத் தொடங்கும். அப்போது நேரேட்டரை அதே மூன்று விசைகளால் நிறுத்திவிடலாம்.

3. முதலில் உரிம விதிகள் தோன்றும். டேப் விசையால் நகர்ந்து, ஒப்புதல் பெட்டியை இடைவெளி விசையால் குறியிடுக. மீண்டும் டேப் விசையால் நகர்ந்தால் நிறுவுதல், கையடக்கப் படி உருவாக்குதல், தற்காலிகமாகத் தொடர்தல் என்னும் தேர்வுகள் ஒலிக்கும். ஆங்கிலத்தில் 'கிரியேட் போர்ட்டபிள் காப்பி' என ஒலிப்பதே நாம் வேண்டுவது. அங்கு என்டர் விசையை அழுத்துக.

4. எங்கு உருவாக்குவது என்னும் வினா எழும். பென் டிரைவின் எழுத்தையும், புதிய வெற்றுக் கோப்புறை ஒன்றின் பெயரையும் தருக. பெயர் ஓரெழுத்தாக இருத்தல் நலம். அதன் காரணம் அடுத்த பகுதியில் விளங்கும்.

5. தொடர்வதற்கான பொத்தானை அழுத்துக. படி உருவானதும் அச்செய்தி ஒலிக்கும்.

தம் வீட்டுக் கணிப்பொறியில் என்.வி.டி.ஏ.வை ஏற்கெனவே நிறுவியிருப்போர், அதன் பட்டியலில் 'கருவிகள்' பிரிவுக்குச் சென்று இதே பணியைச் செய்யலாம். அங்குத் தம் அமைப்புகளையும் உடன் படியெடுக்கும் வசதி உண்டு.

ஒரு குறிப்பு. பழைய கணிப்பொறிகள் இன்னும் சில ஆய்வகங்களில் உள்ளன. விண்டோஸ் 7-இல் இயங்கும் இறுதி வரிசை 2023.3 ஆகும், விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இயங்கும் இறுதிப் பதிப்பு 2017.3 ஆகும். ஆகவே புதிய பதிப்பை ஒரு கோப்புறையிலும், பழைய பதிப்பை வேறொரு கோப்புறையிலும் வைத்திருப்பது அறிவுடைமை.

பேசாத பொறியைப் பேச வைத்தல்

பென் டிரைவைச் செருகியவுடன் திரைநவிலி தானே தொடங்கிவிடாது. பேசாப் பொறியின் முன் அமர்ந்து அதனைத் தொடங்குவது எப்படி? நேரேட்டர் உள்ள இடத்தில் அதன் துணையைக் கொள்ளலாம். அதுவும் இல்லாத இடத்தில் பின்வரும் வழி கைகொடுக்கும்.

விண்டோஸ் விசையுடன் 'ஆர்' விசையை அழுத்தினால், கட்டளை எழுதும் பெட்டி திறக்கும். அதில் பென் டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, கோப்புறையின் பெயர், மீண்டும் பின்சாய்கோடு, இறுதியில் என்.வி.டி.ஏ. என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் ஆகியவற்றை இடைவெளியின்றித் தட்டி, என்டர் விசையை அழுத்த வேண்டும். பென் டிரைவுக்குக் கணிப்பொறி தரும் எழுத்து பெரும்பாலும் 'டி', 'இ', 'எஃப்', 'ஜி' என்பனவற்றுள் ஒன்றாக இருக்கும். ஓர் எழுத்து தவறினால், எஸ்கேப் விசையால் பிழைச் செய்தியை மூடிவிட்டு அடுத்த எழுத்தை முயலலாம். சரியான எழுத்து வாய்த்ததும் ஏறுமுகமான சிறு இசை ஒலிக்கும்; பின் பேச்சுத் தொடங்கும். கண்ணால் காணாமல், கேட்காமலும் தட்ட வேண்டிய வரி இஃது ஒன்றே ஆதலின், கோப்புறையின் பெயர் சுருங்கியிருத்தல் வேண்டும் என்றோம்.

காதில் பொருத்தும் ஒலிப்பானை, அதாவது இயர்போனை, உடன் கொண்டு செல்வது மரபாகட்டும். ஆய்வகத்தின் அமைதியும் காக்கப்படும். படிப்பவரின் தனிமையும் காக்கப்படும்.

முதற்பாடமாகக் கற்கவேண்டிய விசைகள்

என்.வி.டி.ஏ.வின் கட்டளைகள் பெரும்பாலும் ஒரு தலைமை விசையுடன் பிற விசைகள் சேர்ந்து அமைவன. இன்செர்ட் விசையே அத்தலைமை விசை. மடிக்கணினிகள் சிலவற்றில் இன்செர்ட் விசையைத் தேடுவது கடினமாதலின், முதன்முறை தோன்றும் வரவேற்புப் பெட்டியிலேயே கேப்ஸ் லாக் விசையையும் தலைமை விசையாகக் குறித்துக்கொள்ளலாம்.

தலைமை விசையுடன் 1 என்னும் எண்ணை அழுத்தினால், விசை பழகும் நிலை தொடங்கும். அந்நிலையில் எதனை அழுத்தினாலும் அதன் பெயரும் பயனும் ஒலிக்குமேயன்றி எச்செயலும் நிகழாது. அச்சமின்றி விசைப்பலகையைப் பழக இதனினும் சிறந்த ஆசிரியர் இல்லை. மீண்டும் அதனையே அழுத்தினால் அந்நிலை நீங்கும்.

தலைமை விசையுடன் 'டி' சேர்ந்தால் சாளரத்தின் தலைப்பு ஒலிக்கும். கீழம்பு சேர்ந்தால் நிற்குமிடத்திலிருந்து தொடர்ந்து படிக்கும். 'என்' சேர்ந்தால் பட்டியல் திறக்கும். 'கியூ' சேர்ந்தால் வெளியேறும். கன்ட்ரோல் விசை தனித்து நின்று பேச்சை நிறுத்தும். ஷிப்ட் விசை இடைநிறுத்தித் தொடரும். இணையப் பக்கங்களில் 'ஹெச்' விசை ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்கும், 'கே' விசை ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்கும் அழைத்துச் செல்லும். கண்ணுள்ளவர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பதற்கு இணையானது இது. இச்சிலவற்றைப் பழகியவர் ஏனையவற்றைத் தாமே கற்றுக்கொள்வர்.

தமிழ்க் குரல்

என்.வி.டி.ஏ.வுடன் இஸ்பீக் என்.ஜி. என்னும் பேச்சொலிப்பான் இணைந்தே வருகிறது. ஜொனாதன் டடிங்டன் என்பவர் உருவாக்கிய இஸ்பீக்கின் வழித்தோன்றல் அது. மனிதக் குரலைப் பதிவு செய்து வைக்காமல், ஒலியின் இயல்புகளைக் கணக்கிட்டு அது பேச்சை ஆக்குகிறது. ஆதலின் அதன் அளவு சிறிது, மொழிகள் பல, தமிழும் அவற்றுள் ஒன்று. தலைமை விசை, கன்ட்ரோல், 'எஸ்' ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் பேச்சொலிப்பானைத் தேர்ந்தெடுக்கலாம். 'எஸ்' விசைக்கு மாற்றாக 'வி' விசையை அழுத்தினால் குரலையும் வேகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். 'சி' விசை, செய்த மாற்றங்களைப் பென் டிரைவில் சேமிக்கும்.

இக்குரல் முதற்கேள்வியில் இயந்திரத்தன்மையோடு ஒலிக்கும். பழகிய செவிக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை; மிக விரைவாகப் பேசும்போதும் தெளிவு குன்றாமை அதன் சிறப்பு. இனிய குரல் வேண்டுவோர்க்கு, விண்டோஸில் கிடைக்கும் 'வள்ளுவர்' என்னும் பெயருடைய தமிழ்க் குரல் உண்டு. ஆனால் அது அவ்வக் கணிப்பொறியில் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே கிடைக்கும். இஸ்பீக்கோ பென் டிரைவிலேயே உடன் வருவது.

தமிழ் மாணவர்க்குப் பயன்படும் மற்றொன்று பேச்சகராதி. 'பேரா.' என்னும் சுருக்கத்தைப் 'பேராசிரியர்' என ஒலிக்குமாறு ஒருமுறை எழுதி வைத்தால், பின் எப்போதும் அவ்வாறே ஒலிக்கும். அவ்வகராதியும் பென் டிரைவுடனேயே பயணம் செய்யும்.

எல்லைகள்

எக்கருவிக்கும் எல்லை உண்டு. அவற்றை மறைப்பது மாணவர்க்குத் தீங்காய் முடியும்.

முதலாவது, கையடக்கப் படி கணிப்பொறிக்குள் நுழைந்த பின்னரே இயங்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வாயில் திரையில் அது பேசாது. இரண்டாவது, நிருவாக உரிமையோடு இயங்கும் மென்பொருள்களையும், அவ்வுரிமை கோரி விண்டோஸ் எழுப்பும் எச்சரிக்கைத் திரையையும் அதனால் படிக்க இயலாது. மூன்றாவது, தொடுதிரை உள்ளீடு அதில் இயங்காது. நான்காவது, அது விண்டோஸுக்கு மட்டுமே உரியது. லினக்ஸ் கணிப்பொறியில் ஆர்க்கா போன்ற வேறு திரைநவிலிகளையே நாட வேண்டும்.

பாதுகாப்பையும் கருத வேண்டும். பொதுப் பொறிகளில் செருகும் பென் டிரைவில் வைரஸ் தொற்றுதல் இயல்பு. ஆகவே நச்சு நீக்கும் மென்பொருளால் அவ்வப்போது சோதிப்பதும், கோப்புறையின் மாற்றுப்படி ஒன்றை வீட்டில் வைத்திருப்பதும் இன்றியமையாதன. பணி முடிந்ததும் முதலில் திரைநவிலியை விட்டு வெளியேறி, அதன் பின்னரே பென் டிரைவைக் கழற்ற வேண்டும்.

இவ்வெல்லைகளிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பென் டிரைவு மாணவர்க்குப் பாதி விடுதலையைத் தருகிறது; மறு பாதி பிறர் கையில் உள்ளது. அப்பிறர் யாவர் எனில், ஆய்வகத்தை ஆள்வோரும், தமிழைத் தட்டச்சு செய்வோருமே ஆவர்.

கண்ணுக்குத் தமிழ், காதுக்கு என்ன?

இங்கேதான் தமிழ்த்துறையாகிய நாம் நெருங்கி நோக்க வேண்டிய சிக்கல் எழுகிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்து அமைக்கப்பட்டன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல்லை எழுத, ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் எழுத்துகளும் அரைப்புள்ளியும் தட்டப்படும். திரையில் தமிழ் என்றே தெரியும். ஆனால் கணிப்பொறியின் நினைவில் இருப்பவை அந்நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. திரைநவிலி வடிவத்தைப் பார்ப்பதில்லை. நினைவில் உள்ளதையே படிக்கிறது. எனவே கண்ணுக்குத் 'தமிழ்' ஆக இருப்பது, காதுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாக ஒலிக்கிறது. ஒரு முழு நூலே இவ்வாறு தட்டச்சாகியிருப்பின், அந்நூல் பார்வையற்ற மாணவர்க்கு இல்லாத நூலேயாகும்.

1991ஆம் ஆண்டு வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் வகுக்கப்பட்டது. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. மேலும் ஒரு நுட்பம் காண்க. 'கொ' என்னும் உயிர்மெய்யை எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னும், ககரம் நடுவிலும், கால் பின்னுமாக வரைகிறோம். பழைய எழுத்துருக்கள் இவ்வரைவு முறைப்படியே சேமித்தன. ஒருங்குறியோ, முதலில் ககரத்தையும் அதன்பின் உயிர்க்குறியையும் சேமிக்கிறது. உயிர்மெய்யில் மெய்யொலி முந்தும், உயிரொலி பிந்தும் என்னும் தமிழிலக்கண உண்மைக்கு இஃது இயைந்தது. வரிவடிவத்தைப் பின்பற்றாது ஒலிவடிவத்தைப் பின்பற்றியமையாலேயே ஒருங்குறித் தமிழைக் குரலாக்குதல் எளிதாயிற்று.

மற்றொரு தடை, நூற்பக்கங்களைப் படமாக வருடி வைத்தல். அப்படத்தில் எழுத்துகள் இல்லை. கரிய புள்ளிகளே உள்ளன. அவற்றை எழுத்துகளாக மாற்ற எழுத்துணரி மென்பொருள் வேண்டும். டெசராக்ட் முதலியவை தமிழையும் உணர வல்லன. எனினும் அவற்றின் விளைவைத் தமிழறிந்த ஒருவர் மெய்ப்புப் பார்த்தால்தான் பாடம் பிழையின்றி அமையும்.

சட்டமும் நம் கடமையும்

இப்பணிக்குச் சட்டம் தடையாக நிற்கவில்லை. 2012ஆம் ஆண்டு திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குப் பயன்படும் வடிவில் நூல்களை மாற்றித் தர இடமளிக்கிறது. 2013ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட மராக்கேஷ் உடன்படிக்கைக்கு, மறு ஆண்டிலேயே ஒப்புறுதி அளித்த முதல் நாடு இந்தியா. அது 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காட்டு இடங்களை அவர்க்கென ஒதுக்கப் பணிக்கிறது. இடம் தந்துவிட்டுப் படிக்கும் வழியைத் தராதிருப்பது, விருந்துக்கு அழைத்து இலை போடாமல் அமர்த்துவதை ஒக்கும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில உள. ஆய்வகப் பொறுப்பாளர்கள், பாதுகாப்புக் கருதிப் பென் டிரைவு வாயில்களை மூடியிருப்பின், பார்வையற்ற மாணவர்க்கெனச் சில பொறிகளிலேனும் அவற்றைத் திறந்து வைக்கலாம். அதனினும் சிறந்தது, என்.வி.டி.ஏ.வை ஆய்வகத்தின் எல்லாப் பொறிகளிலும் நிறுவிவிடுவதே. விலையில்லா மென்பொருள் ஆதலின் செலவு என்னும் காரணம் இங்கு எழாது. நிறுவிய படி வாயில் திரையிலும் பேசுமாறு அமைக்கலாம். எச்சரிக்கைத் திரையையும் படிக்கும். மாணவர் கையில் பென் டிரைவு இருக்கிறது என்பதைக் காட்டி, நிறுவனம் தன் கடமையிலிருந்து விலகிவிடலாகாது.

ஆசிரியர்கள் தம் பாடக்குறிப்புகளை ஒருங்குறியில் தட்டச்சு செய்து தரலாம். தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், தலைப்புக்குரிய பாணியைக் கொண்டே அமைக்கலாம். 'ஹெச்' விசை அப்போதுதான் அத்தலைப்புகளில் போய் நிற்கும். படங்களுக்கு ஓரிரு வரி விளக்கம் சேர்க்கலாம். மாணவர்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஒரு பகுதியாக, பழைய எழுத்துருவில் உள்ள பாடங்களை ஒருங்குறிக்கு மாற்றலாம். எழுத்துணரி தந்தவற்றை மெய்ப்புப் பார்க்கலாம். ஒருவர் ஒரு நாளில் திருத்தும் பத்துப் பக்கங்கள், பின்வரும் ஆண்டுகளின் மாணவர்க்கெல்லாம் பயன்படும். ஊர்ப் பெரியோர்கள் பரிசளிக்க விரும்பும்போது, என்.வி.டி.ஏ. பதிந்த பென் டிரைவு ஒன்றும் இயர்போன் ஒன்றும் சேர்த்து வழங்கலாம். விலையில் சிறிய அப்பரிசு, பயனில் பெரிது.

முடிவுரை

பிறர் குரலைக் கடன் வாங்கியே நூலறிந்த புலவர்களையும் அறிஞர்களையும் முன்னுரையில் கண்டோம். இன்றைய மாணவர்க்கு அக்கடன் வேண்டியதில்லை. விரல் நீளக் கருவி ஒன்று அக்குரலைத் தருகிறது. ஆனால் நாம் எழுதி வைப்பதை மட்டுமே அக்குரல் படிக்கும். எழுத்தெனக் காட்டிப் புள்ளிகளையோ, தமிழெனக் காட்டி வேற்றெழுத்துகளையோ நாம் வைத்துச் சென்றால், அது எத்துணைத் திறமுடையதாயினும் பயனின்றிப் போகும்.

இம்மலரில் தமிழ்த்துறையினர் பலரின் உழைப்பு அடங்கியுள்ளது. அச்சுப்படி நூலக அடுக்கில் இடம்பெறும் அதே நாளில், அதன் ஒருங்குறிப் படி ஒன்றும் நூலகக் கணிப்பொறியில் இடம்பெறச் செய்வோமாக. பென் டிரைவோடு வரும் மாணவர் எவரையும் எதிர்பாராது இதன் எல்லாப் பக்கங்களையும் தாமே படித்து முடிப்பாராயின், அதுவே இப்பாடத்தின் பயனாகும்.